நான் நிமிர்த்தி வைத்த பதிமூன்றாம் சீட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனசுக்குள்ளேயே போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை நோட்டு வாங்கினேன். ஒன்றில் மகள் கோலம் வரைந்துவிட்டாள். இன்னொன்றில் முதல் பக்கத்தில் சிலுவை போட்டு, ‘சேசு மரி சூசை’ என்று எழுதியதோடு கை நின்றுவிட்டது. நான் எட்டாவது வரை படித்தவன். ஆனால் தயங்கியதற்குப் படிப்பு மட்டும் காரணம் இல்லை. இதில் என் குற்றம் ஒன்று இருக்கிறது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பும் வாங்கியாயிற்று. இருந்தாலும் சாமியார் காதோடு சொல்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு.

என் மச்சானுக்கும் இதில் பங்கு உண்டு. அவரைச் சிரிப்புக்கு ஆளாக்க மனம் வரவில்லை. போன மாதம் அவரே சொல்லிவிட்டார்: “எழுதுங்க மாப்ளே. நான் மண்டுன்னு ஊருக்கே தெரியும். எழுத்துலயும் இருந்துட்டுப் போவட்டும்.”

ஆகவே எழுதுகிறேன்.

சூயஸ் கால்வாய்ச் சண்டை ஓய்ந்து கப்பல்கள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த காலம். நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் லேபிள் பிரிவில் இருந்தேன். சிவகாசி அச்சாபீசிலிருந்து லேபிள் கட்டுக்கட்டாக வரும். மயில், கப்பல், ரோசாப்பூ என்று படங்கள். கட்டைப் பிரித்து, தலைகீழாகக் கிடப்பதை நிமிர்த்தி, ஓரம் தட்டி அடுக்கி, ஒட்டுகிற பெண்களிடம் கொடுப்பதுதான் என் வேலை. அவர்கள் பார்த்துப் பார்த்து ஒட்டமாட்டார்கள். விரல் பசையைத் தொடும், லேபிளை எடுக்கும், பெட்டியில் அமுக்கும். வாய் மாமியார் கதை பேசிக்கொண்டிருக்கும். கட்டுக்குள் ஒன்று தலைகீழாக இருந்தால் மயிலும் தலைகீழாகத்தான் பெட்டியில் ஏறும். அதனால் பத்து வருஷத்தில் என் கை ஒரு பழக்கம் பழகிவிட்டது. படம் போட்ட காகிதம் எது கையில் வந்தாலும், நான் நினைக்கும் முன்பே அது நிமிர்ந்துவிடும். கல்யாணப் பத்திரிகை, கோயிலில் கொடுக்கும் சுரூபப் படம், எதுவானாலும் சரி.

என் மனைவிக்கு அந்த வருஷம் வயிற்றில் ஒரு கட்டி. முதலில் வாயு என்றோம். பிறகு பெருங்காயம், கசாயம். கடைசியில் திருநெல்வேலிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “கிறிஸ்துமசுக்கு முன்னால் ஆபரேஷன் செய்துவிட வேண்டும். தள்ளிப் போட்டால் நான் பொறுப்பில்லை” என்றார். அப்போது ஐப்பசி பிறந்திருந்தது. எங்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். சின்னவளுக்கு நாலு வயது. சரி, போவோம் என்று என் மனைவியும் தலையாட்டினாள். பெட்டியில் சேலைகூட எடுத்து வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் வந்தார். என் மனைவிக்குக் குளத்தூர்ப் பக்கம் பிறந்த வீடு. அவளுடைய அண்ணன் உப்பளத்து வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர். சரக்குக் கப்பலில் சமையல். தங்கைக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு, கூட இருக்க லீவு எடுத்து வந்திருந்தார். வரும்போது பேரீச்சம்பழமும் ஒரு சீட்டுக்கட்டும் கொண்டுவந்தார்.

கட்டு என்றால் நம் ரம்மிக் கட்டு மாதிரி இல்லை. உள்ளங்கையைவிட நீளம். இருபத்திரண்டு சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே ஒரு எண். மனுஷர் எல்லாரும் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாய் முகம் வைத்த ஒருவர், கிரீடம் வைத்த ராணி, இடி விழுந்து சரியும் கூம்புக் கோபுரம். போர்ட் சையது துறைமுகத்தில் வள்ளத்தில் வந்த ஒரு வியாபாரியிடம், பழைய கால்சட்டை ஒன்றும் சவுக்காரக் கட்டி இரண்டும் கொடுத்து வாங்கினாராம்.

“மாப்ளே, இது வெளையாட்டுச் சீட்டு இல்ல” என்று ஆரம்பித்தார். “எகிப்து ராசாக்கமாரு காலத்துப் புஸ்தகம். ஊரு அழியப் போவுதுன்னதும் பூசாரிமாரு கூடிப் பேசியிருக்காவ. கல்லுல எழுதினா எதிராளி உடைப்பான். ஓலையில எழுதினா செல்லரிக்கும். நல்லவன்கிட்ட கொடுத்தா அவனும் ஒருநா செத்துப்போவான். சீட்டுல வரைஞ்சு சூதாடுறவன்கிட்ட கொடுத்தா, ஒலகம் உள்ள மட்டும் கைமாறிக்கிட்டே இருக்கும்னு முடிவு பண்ணினாவளாம்.”

“அது நெசந்தான்” என்றாள் என் மனைவி. “எங்க ஊரு ஆம்பிளைய கோயில் மணிய வித்தாலும் விப்பானுவ, சீட்டுக்கட்ட விக்க மாட்டானுவ.”

நல்லது கெட்டது கேட்டால் இந்தச் சீட்டு சொல்லுமாம். நிமிர்ந்து வந்தால் படத்தில் உள்ளபடி பலன். தலைகீழாக வந்தால் பலன் மாறிப்போகும்.

எனக்குக் கோபம் வந்தது. சந்தையில் கிளி எடுக்கிற சீட்டையே பார்க்கக்கூடாது என்று கோயிலில் சொல்வார்கள். “எகிப்து மந்திரவாதியள்தான் மோயீசன் தீர்க்கதரிசி முன்னால கோலைப் பாம்பாக்கிக் காட்டினவங்க. அந்த ஊருச் சாமான் இந்த வீட்டுக்குள்ள எதுக்கு?” என்றேன்.

அவள் உடனே திருப்பினாள். “எரோது ராசா கொல்ல வந்தப்ப மாதாவும் சூசையப்பரும் பிள்ளையத் தூக்கிட்டு எங்க ஓடுனாவ? எகிப்துக்குத்தான. பாலசேசுவ வச்சுக் காப்பாத்துன ஊரு, பொய்யா சொல்லும்?”

நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். சீட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டியின் அடியில் எறும்பு ஊர்ந்தது மாதிரி ஒரு வரி அச்சிட்டிருந்தது. எங்கள் லேபிளிலும் அச்சாபீஸ் பேர் அப்படித்தான் இருக்கும். படங்களில் சிவப்பு கொஞ்சம் கோட்டை விட்டு விலகியிருந்தது. “இங்க பாரு, மிசின்ல அடிச்சது. கலர் ஒதுங்கியிருக்கு. எகிப்து ராசா பார்வோன் அச்சாபீஸா வச்சிருந்தான்?”

“வேதபுஸ்தகத்தையுந்தான் அச்சாபீசுல அடிக்காவ. அதுக்காக மோயீசன் சொன்னது பொய்யாயிருமா?”

மச்சான் வாயைப் பொத்திச் சிரித்தார். நான், “இதை நான் கையால தொடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

தொடமாட்டேன் என்று சொன்னவன்தான் தொட்டேன். குற்றம் என்று மேலே எழுதினேனே, அது இதுதான்.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு பூசையில் நன்மை வாங்க வேண்டும் என்று அண்ணனும் தங்கையும் பிள்ளைகளோடு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்கள். எனக்குக் கால் வலி என்று நான் போகவில்லை. கால் வலி இல்லை. அவர்கள் தெரு முனை திரும்பியதும் மச்சான் பையிலிருந்து கட்டை எடுத்தேன். ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சில சீட்டு நிமிர்ந்தும் சில சீட்டு தலைகீழாகவும் கிடந்தன. பதிமூன்றாம் சீட்டில் ஒரு எலும்புக்கூடு, கையில் அரிவாள். கதிர் அறுப்பதுபோலத் தரையில் முளைத்த தலைகளையும் கைகளையும் அறுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சீட்டு தலைகீழாகத்தான் இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம். படம் சரியாகத் தெரியவில்லை என்று திருப்பினேன். அப்புறம் கை சும்மா இருக்குமா? இருபத்திரண்டையும் ஒரே பக்கம் நிமிர்த்தி, ஓரம் தட்டி, பெட்டிக்குள் போட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். பிள்ளைகள் சத்தம் கேட்டதும் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து உட்கார்ந்திருந்தபோது அவள் அண்ணன் பக்கத்தில் போய் அமர்ந்தாள். “எண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்பி வருவேனான்னு ஒரு சீட்டு பாப்போம்” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் எழுந்து போகவில்லை. மச்சான் கட்டைக் கொடுத்தார். கழுதை ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைப்பதுபோல அவளே கலைத்தாள். நடுவிலிருந்து ஒன்றை உருவிப் போட்டாள்.

எலும்புக்கூடு. நிமிர்ந்து நின்றது.

சின்னவள் எட்டிப் பார்த்து, “அம்மா, அவுக சட்ட போடலையா?” என்று கேட்டாள்.

மச்சான் தடுமாறினார். “ஏட்டி, இது சாவு இல்ல. மாத்தம்னு அர்த்தம்னு அந்த ஆளு சொன்னான்.”

“எண்ணே, அருவாளோட நின்னு தலைய அறுக்குது. மாத்தமாம்ல மாத்தம்!” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, எடுத்து வைத்த சேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடியில் போட்டாள்.

அதோடு சரி. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். “சாவுறது இங்கனயே சாவுதேன். பிள்ளையளப் பாத்துக்கிட்டாவது கெடப்பேன்.” மச்சான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அது புளுகு, வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்றார். “கொண்டு வந்தப்ப புஸ்தகம், சாவுன்னதும் புளுகா?” என்று கேட்டாள். செபமாலை சொல்லும்போது ‘எங்கள் மரண நேரத்திலும்’ என்ற இடத்தில் அவள் குரல் நின்று நின்று வந்தது.

எனக்குள் வேறொரு வேதனை. அந்தச் சீட்டு தலைகீழாகக் கிடந்ததை நான் பார்த்தேன். அப்படியே விட்டிருந்தால் தலைகீழாக வந்திருக்கும், பலன் மாறியிருக்கும், அவளும் சந்தோஷமாகக் கிளம்பியிருப்பாள். நானல்லவா நிமிர்த்தி வைத்தேன்? என் பெண்டாட்டிக்கு நானே சாவை நிமிர்த்தி வைத்தேனே என்று ஆபீசில் லேபிள் எடுக்கும்போதெல்லாம் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சீட்டு பொய் என்று அவளிடம் வாதாடியவன், உள்ளுக்குள் அவளைவிட அதிகமாக நம்பினேன். அவளிடம் சொல்லவும் பயம்.

மூன்று வாரம் ஓடியது. அவள் வலியைக் காட்டிக்கொள்ளாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. நாகலாபுரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கோயிலில் பிரெஞ்சுக்கார சாமியார் ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் கரிசல் காட்டில் கிடந்து நம்மவர் போலவே பேசுவார். எங்கள் கல்யாணத்தை மந்திரித்து நடத்தி வைத்தவர். நான் சீட்டுக்கட்டை ஒரு துண்டில் பொதிந்து, மச்சானிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். பாதி வழியில் ரோடு இல்லை என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மீதியை நடந்தேன். மழையில் கரிசல் மண் காலை விடாது. பத்து எட்டுக்கு ஒரு தடவை நின்று குச்சியால் சுரண்ட வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். போய்ச் சேரும்போது முழங்கால் வரை மண்.

“தோத்திரம் சாமி” என்றேன்.

“என்னய்யா, பருத்தி வெதைச்சிட்டு வாரீரா?” என்றார்.

துண்டைப் பிரித்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் சீட்டைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார்.

“இதுக்குச் சேலை மட்டும் எகிப்துச் சேலை. ஆளு எங்க ஊரு ஆளு. எங்க அப்பா ஞாயித்துக்கிழமை பூசை பார்த்து, சாப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் மூணு பேரோட இந்தச் சீட்டுதான் ஆடுவார். தோத்தவர் எல்லாருக்கும் காப்பி வாங்கணும். நம்ம ஊருச் சீட்டுல நாம சொல்லித் துருப்பு வைக்கோம். இதுல துருப்பு முன்னாலயே படமா வரைஞ்சிருக்கு. ஒண்ணுல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும். ஒரு சீட்டு மட்டும் கோமாளி.”

நான் எலும்புக்கூட்டைக் காட்டினேன்.

“இதுவா? இது பதிமூணு. பன்னெண்டை வெட்டும். பதினாலு வந்தா வெட்டுப்படும். அவ்வளவுதான்.”

பதினாலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரு பெண் ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் எகிப்துக் கதையைக் கேட்டேன். அவர் குருமடத்தில் படித்தபோது சரித்திரப் பாடத்தில் கேட்டதைச் சொன்னார். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் பிரபுக்கள் வீட்டில் ஆடிய ஆட்டம் இது. ராஜா, பாப்பரசர், சக்கரம், சாவு என்று அந்தக் காலத்துத் திருவிழா ஊர்வலத்தில் வண்டிகள் வருவதுபோல வரிசையாகப் படம். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆடினார்கள்; யாரும் எகிப்து என்று சொல்லவில்லை. பிறகு பாரீசில் ஒரு படித்த மனுஷர், சில பெண்கள் இதை ஆடுவதைப் பார்த்துவிட்டு, இது எகிப்தியருடைய ஞானப் புத்தகம் என்று எழுதிவிட்டார். அந்தச் சமயம் எகிப்து எழுத்தை வாசிக்க உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மறுக்க ஆள் இல்லை. நாற்பது வருஷம் கழித்து அதை வாசிக்கக் கற்றார்கள். கல்லிலும் கல்லறையிலும் என்னென்னவோ எழுதியிருந்தது; இந்தச் சீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

“அதுக்குள்ள கதை ஓடிருச்சு. ஒருத்தர் பூசாரியைச் சேர்த்தார், இன்னொருத்தர் பிரமிடைச் சேர்த்தார். கடைசியில கதைக்குத் தக்கபடி படத்துக்கு உடுப்பையும் மாத்திட்டாங்க. உங்க ஆபீசுல லேபிளை மாத்தினா உள்ள குச்சி மாறுமா?”

பெட்டி அடியில் இருந்த எறும்பு எழுத்தை வாசித்தார். பாரீஸ் பட்டணத்தில் அச்சிட்டது என்று இருந்ததாம்.

“அப்ப எகிப்துக்கும் சீட்டுக்கும் சம்பந்தமே இல்லையா சாமி?”

“சாதாச் சீட்டு அரபு தேசத்து வழியா வந்ததுன்னு சில பேர் சொல்றாங்க. எனக்குத் தெரியாது. எகிப்து வழியாவே வந்திருந்தாலும் வெளையாடத்தான் வந்திருக்கும்.”

அப்போதுதான் என் குற்றத்தைச் சொன்னேன். கால் வலி என்று பொய் சொன்னது, பையைத் திறந்தது, நிமிர்த்தி வைத்தது எல்லாம். அவர் சிரிக்கவில்லை.

“நீர் நிமிர்த்தி வச்ச சீட்டு நிமிர்ந்து வந்திருக்கு. இதுல பார்வோன் எங்கய்யா வந்தான்? சர்வேசுரன் ஒரு உயிரை உம்ம லேபிள் பழக்கத்துக்கா விட்டுவைப்பார்? பொய்க்கும் திருட்டுப் பார்வைக்கும் அபராதம் தாரேன். ஆனா அதை இங்க முழங்காலிலே நின்னு தீர்க்க முடியாது. என்கிட்ட சொன்னதை அப்படியே உம்ம பெண்சாதிகிட்ட போய்ச் சொல்லும்.”

சேற்றில் ஐந்து மைல் நடந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் திரும்பும்போது, மண் அதே மண்தான், கால் லேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவளையும் மச்சானையும் உட்காரவைத்துச் சொன்னேன். சாமியார் சொன்ன கதையை அவள் அசையாமல் கேட்டாள். என் கதைக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“கால் வலின்னு நான் வெந்நி வச்சுத் தந்தனே?”

“ஆமா.”

“தொடமாட்டேன்னு சொன்ன வாயி?”

“ஆமா.”

“எல்லாத்தையும் நிமித்தி வச்சீங்களாக்கும்?”

“கை தன்னால...”

“எண்ணே, கேட்டீங்களா? மூணு வாரமா எகிப்து ராசா என்னையக் கூப்பிடுதான்னு நெனச்சுக் கெடக்கேன். கூப்பிட்டது லேபிள்காரரு!”

முதலில் திட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். திட்டு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. கட்டி வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு நெடுநேரம் அழுதாள். எழுந்து கொடியிலிருந்து சேலைகளை எடுத்து மடித்தாள். மடிக்கும்போது, “அந்தக் கொடத்துக்காரி நெசமாவே எலும்புக்கூட்ட வெட்டுவாளா?” என்று மட்டும் கேட்டாள். “ஆட்டத்தில் வெட்டுவாள்” என்றேன்.

இரண்டாம் நாளே ரயிலேறினோம். மணியாச்சியில் வண்டி வெகுநேரம் நின்றது. அவள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “பயம் போயிருச்சுன்னு நெனச்சுராதீங்க. இருக்கு. ஆனா இது வேற பயம். கத்திக்குப் பயப்படுதேன். அது ஞாயந்தான?”

ஆபரேஷன் இரண்டு மணி நேரம். நானும் மச்சானும் ஆஸ்பத்திரிக் கோயிலில் முழங்காலில் இருந்தோம். டாக்டரம்மா வெளியே வந்து, இனாமல் பேசினில் கட்டியைக் காட்டினார். விளாம்பழம் அளவு. நல்ல வேளை, இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கஷ்டம் என்றார். மச்சான் அதைப் பார்த்ததும் மயங்கி உட்கார்ந்துவிட்டார். அவருக்குத்தான் சோடா வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் பூசைக்கு அவளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். குடிலில் பாலசேசுவை வணங்கிவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு வந்த மூச்சு, அந்தச் சீட்டு விழுந்த நாள் முதல் உள்ளே நின்றிருந்த மூச்சு.

அவள் படுக்கையில் இருந்த நாட்களில் மூன்று பேரும் அந்தச் சீட்டை வைத்துக் கழுதை ஆடினோம். பெரிய எண் சின்ன எண்ணை வெட்டும். மச்சான்தான் அதிகமாகக் கழுதையானார். குடத்துக்காரி கையில் வந்தால் என் மனைவி எலும்புக்கூட்டுக்காகக் காத்திருந்து, வந்ததும் ஓங்கிப் போடுவாள். அந்தக் குடத்துக்காரிச் சீட்டைச் செபப் புத்தகத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றாள் ஒருநாள். “அப்ப மறுபடியும் அதே கதைதான” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துச் சீட்டுக்கட்டோடு சேர்த்தாள். பிறகு பிள்ளைகள் விளையாடிக் கட்டு கந்தலாகிப் போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் இப்போது ஊரில் வேறு மாதிரி சொல்கிறார்கள். சாமியார் சீட்டை எரித்தாராம், புகை பாம்பு போல எழுந்ததாம், அந்த நேரமே கட்டி கரைந்துபோயிற்றாம். போன பாஸ்காத் திருநாள் அன்றைக்குக் கோயில் வாசலில் ஒருவர் என்னிடமே இதைச் சொன்னார், நான் யார் என்று தெரியாமல். சீட்டை யாரும் எரிக்கவில்லை. கட்டி கரையவில்லை, டாக்டரம்மா அறுத்து எடுத்தார், நான் பேசினில் பார்த்தேன். சர்வேசுரன் அந்த அம்மாளுடைய கையைக் கொண்டு என் மனைவியைக் காப்பாற்றினார். எனக்கு அது போதும்.

பாரீசில் அந்தப் படித்த மனுஷர் நல்ல எண்ணத்தோடுதான் ஒன்று சேர்த்துச் சொல்லியிருப்பார். அடுத்தவர் இன்னொன்று சேர்த்தார். அது கடல் தாண்டி வந்து, என் வீட்டில் ஒருத்தி எடுத்து வைத்த சேலையைத் திரும்பக் கொடியில் போடும்படி செய்தது. அதனால்தான் கேட்கிறேன். இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்ல வேண்டும், குறிப்பாக ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்களிடம். சொல்லும்போது புகையும் வேண்டாம், பாம்பும் வேண்டாம். கால் வலி என்று நான் சொன்ன பொய்யையும் விட்டுவிட வேண்டாம். நான் எழுதியபடியே சொல்லுங்கள்.